மாத்திரையை நிறுத்திவிட்டு ஆய்வில் சேரலாமா?

கேள்வி:

எனக்கு 52 வயது. தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். மூன்று வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. எட்டரை மணிக்கே படுத்துவிடுவேன். பதினோரு மணி வரை புரண்டுகொண்டிருப்பேன். ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான், ஐந்து மணிக்கு எழுந்திருக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மத்தியானம் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் கண்ணயர்வேன். இருப்புப் பதிவேட்டில் அரிசிக் கணக்கைத் தப்புத்தப்பாக எழுதுகிறேன். ஒரு டாக்டர் முன்பு எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் 0.5 மாத்திரையை அதே சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்கி மூன்று வருடமாகத் தினமும் போட்டுக்கொள்கிறேன். பிரஷருக்கும் மாத்திரை உண்டு. வீட்டுக்காரர் மோட்டார் போட வயலுக்குப் போய்விட்டு நடுராத்திரியில் வருவார். "குறட்டை விட்டுத் தூங்குறே, தூக்கமே இல்லைங்கிறியே" என்று கேலி செய்வார்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் புதிய தூக்க மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று அங்கே இருக்கும் என் மகள் சொல்கிறாள். டெஸ்ட் எல்லாம் இலவசம், போக்குவரத்துச் செலவும் உண்டாம். ஆனால் தூக்க மாத்திரை போடுகிறவர்களைச் சேர்ப்பதில்லையாம். அதனால் வரும் திங்கள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டு, ரெண்டு வாரம் கழித்துப் போகலாம் என்றிருக்கிறேன். வீட்டுக்காரர் "மருந்தைச் சோதிச்சுப் பார்க்க நம்ம உடம்புதான் கிடைச்சுதா" என்று சத்தம் போடுகிறார். டம்மி மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அவர் கையெழுத்தும் வேண்டுமா?

பதில்:

அம்மா, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதைப் படிக்கும்போது ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், இன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அல்பிரசோலத்தை மூன்று வருடம் தினமும் போட்டிருக்கிறீர்கள். மூளை அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் தூக்கம் முன்பைவிட மோசமாகும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், காரணமே இல்லாமல் பயம் வரும். சிலருக்கு வலிப்பு வரை போகும். உடம்பில் இருக்கும் அல்பிரசோலத்தில் பாதி வெளியேற ஏறக்குறைய 11 மணி நேரம் போதும். அதனால் தொந்தரவு ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும். 0.5 சின்ன அளவுதானே என்று தோன்றலாம். அளவு சின்னதுதான், ஆனால் போட்ட காலம் நீண்டது. இந்த மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிலருக்குச் சில வாரங்களில் முடியும், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

பழைய சீட்டை வைத்தே வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. அல்பிரசோலம் 2014 மார்ச் முதல் எச்1 என்ற அட்டவணையில் இருக்கிற மருந்து. விற்கும்போது நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், உங்களைப் போலப் பலர் யாருடைய கவனிப்பும் இல்லாமல் வருடக்கணக்காக இதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கும்பகோணத்தில் என்னிடம் தூக்கமின்மைக்காக வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் இப்படியொரு பழைய சீட்டு இருக்கும். மடித்து மடித்து எழுத்தே அழிந்துபோயிருக்கும்.

உங்கள் மகள் கேள்விப்பட்டது பாதி உண்மை. பெரும்பாலான தூக்க மருந்து ஆய்வுகளில், ஏற்கெனவே போடும் தூக்க மாத்திரையை விட்டு குறிப்பிட்ட காலம் ஆகியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். பழைய மருந்தும் புதிய மருந்தும் உடம்பில் கலந்திருந்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆனால் அந்த விதிக்காக நீங்களே வீட்டில் நிறுத்திக்கொண்டு வர வேண்டும் என்று எந்த ஒழுங்கான ஆய்வுக் குழுவும் சொல்லாது. நீங்கள் ஒப்புதல் தருவதற்கு முன்னால் ஆய்வுக்காக எந்த மருந்தையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. போனிலேயே அப்படி யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மாத்திரை போடுவதை மறைத்துச் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பல ஆய்வுகளில் சிறுநீர்ப் பரிசோதனையிலேயே அது தெரிந்துவிடும். தெரியாமல் போனால் இன்னும் ஆபத்து. ஆய்வு மருந்தோடு அல்பிரசோலமும் சேர்ந்தால் அளவுக்கு மீறிய மயக்கம், இரவில் எழுந்து நடக்கும்போது விழுவது, மூச்சு மந்தமாவது எல்லாம் வரலாம்.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரரின் கேலி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான்.

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நம் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். 52 வயது, பிரஷர், குறட்டை, நடுராத்திரி விழிப்பு, பகலில் அசதி. இவை ஒன்றாக வரும்போது மருத்துவருக்கு முதலில் வரும் சந்தேகம் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும், மூளை உலுக்கி எழுப்பும். எழுந்தது பல நேரம் நினைவில்கூட இருக்காது. இந்த நோய் இருப்பவருக்கு அல்பிரசோலம் போன்ற மாத்திரை மூச்சை இன்னும் மோசமாக்கலாம். அப்படியானால் மூன்று வருடமாக நீங்கள் போடும் மருந்தே உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. உறுதியாகச் சொல்லவில்லை, பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் நேரத்து உடல்சூடும் வியர்வையும்கூட ரெண்டு மணிக்கு எழுப்பிவிடும். அது இருந்தால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். வயலிலிருந்து வந்ததும் கேலி செய்வதற்குப் பதிலாக, போனில் பத்து நிமிடம் உங்கள் குறட்டையைப் பதிவு செய்யட்டும். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மூச்சு திரும்புகிறதா என்று கவனிக்கட்டும். காலையில் தலை கனமாக வலிக்கிறதா, வாய் வறண்டிருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள்.

தூக்கமின்மை ஆய்வுகளில் மூச்சுத்தடை நோய் இருப்பவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சேர்ப்பதற்கு முன் ஸ்லீப் ஸ்டடி (இரவு முழுக்கத் தூக்கத்தைக் கருவிகளால் பதிவு செய்யும் பரிசோதனை) எடுத்துப் பார்த்து விலக்கிவிடுவார்கள். அதாவது இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி அவதிப்பட்டு, கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, சுமார் 300 கிலோமீட்டர் போய், கடைசியில் "நீங்கள் இதற்குத் தகுதியில்லை" என்று கேட்டுத் திரும்பி வர நேரலாம்.

சரி, ஆய்வு என்றால் என்ன என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு உங்கள் இருவரிடமும் கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் அதை இலவச சிகிச்சை என்று நினைக்கிறீர்கள். அவர் அதை ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகத்தைச் சோதிக்கும்போது அதை மட்டும் நட மாட்டார்கள். பழைய ரகத்தையும் அதே வயலில், அதே தண்ணீரில், பக்கத்துப் பாத்தியில் நடுவார்கள். இல்லாவிட்டால் விளைச்சல் கூடியது விதையாலா, அந்த வருட மழையாலா என்று சொல்ல முடியாது. இது உங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். டம்மி மாத்திரைக்கும் அதே வேலைதான். தூக்கமின்மை தானாகவே கூடிக் குறையும். ஒரு மருத்துவர் அக்கறையோடு விசாரிக்கிறார், தினமும் காலையில் தூக்கத்தைக் குறித்துவைக்கச் சொல்கிறார் என்பதாலேயே பலருக்குத் தூக்கம் கொஞ்சம் தேறிவிடும். தூக்க மருந்து ஆய்வுகளில் டம்மி மாத்திரை போட்டவர்களுக்கும் கணிசமான முன்னேற்றம் தெரிவது வழக்கம். மருந்து அதைவிட அதிகமாக என்ன செய்தது என்று அறிய வேறு வழியில்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டம்மி மாத்திரை கிடைக்க வாய்ப்புண்டு, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பது வரை, சேருவதற்கு முன் உங்களுக்குத் தரும் தகவல் தாளில் எழுதியிருக்க வேண்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போலக் கணினி முடிவுசெய்யும். உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆபத்து வந்தால் மட்டும் உறையைப் பிரித்துப் பார்ப்பதுபோல அந்த ரகசியத்தை உடைக்க ஏற்பாடு இருக்கும்.

ஆனால் இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் மருத்துவர் உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து மருந்தைத் தேர்வுசெய்கிறார். ஆய்வில் அப்படித் தேர்வுசெய்ய முடியாது. ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக அந்த ஆய்வு நடக்கிறது. உங்களுக்குப் பலன் கிடைத்தால் சந்தோஷம். மூன்று மாதம் டம்மி மாத்திரை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினாலும் "பரவாயில்லை, நாலு பேருக்கு உதவியாக இருந்தேன்" என்று உங்களால் நிம்மதியாக இருக்க முடியுமா? முடியும் என்றால் சேரலாம். "எனக்கு எப்படியாவது தூங்க வேண்டும்" என்பதுதான் உங்கள் மனநிலை என்றால், இப்போது அது உங்களுக்கான இடம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகத்தைத் தள்ளிவிடவும் மாட்டேன். நம் நாட்டில் சம்மதம் ஒழுங்காகப் பெறாமல் நடந்த ஆய்வுகள் பற்றிப் பெரிய புகார்கள் எழுந்து, இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் இழப்பீட்டு விதிகள் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள். அவற்றின்படி, ஆய்வினால் உடம்புக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை தர வேண்டும். பாதிப்பு ஆய்வினால்தான் என்று தீர்மானமானால் இழப்பீடும் தர வேண்டும். அது ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. உரிய சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் டம்மி மாத்திரை கொடுத்ததால் பாதிப்பு வந்தால், அதுவும் இதில் அடங்கும். கடுமையான பாதிப்பு எதுவானாலும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நெறிமுறைக் குழு என்பது எதிக்ஸ் கமிட்டி. குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அதில் பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாளாக இருக்க வேண்டும். ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவம் சாராத ஒரு சாதாரண ஆள் கட்டாயம். தகவல் தாளில் அந்தக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். ஆய்வு மருத்துவர் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் நேரே அந்த எண்ணுக்குப் பேசலாம்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். இந்தியாவில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளைப் பதிவு செய்ய சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாகிவிட்டது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். எந்த மருந்து, எந்தெந்த மருத்துவமனை, பொறுப்பு மருத்துவர் யார், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். சித்தா, ஆயுர்வேத ஆய்வுகளும் அங்கே பதிவாகின்றன. மருத்துவமனையிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் போகாதீர்கள்.

"நம்ம உடம்புதான் கிடைச்சுதா" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்று உண்டு. காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தால்தான் பிழைக்கலாம் என்று ஒரு காலத்தில் உலகம் நம்பியது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் இன்னொரு பிரிவுக்கு வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே காசநோய் குணமாகிறது என்றால், அதற்குப் பின்னால் சென்னையின் ஏழை நோயாளிகள் கொடுத்த சம்மதம் இருக்கிறது.

உங்கள் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமாக ஒன்று சொல்கிறேன். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையிலும் மயக்கம் மிச்சமிருக்கிறது என்று 2013இல்தான் பெண்களுக்கான அளவைப் பாதியாக, 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். இருபது வருடம் பெண்கள் தேவைக்கு மேல் போட்டிருக்கிறார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்கள், விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள், ஆய்வுகளில் இருக்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்புகிறேன். மூளையை விழிக்க வைக்கும் ஒரெக்ஸின் என்ற பொருளை 1998இல் கண்டுபிடித்தார்கள். அதைத் தடுக்கும் முதல் தூக்க மருந்துக்கு அமெரிக்காவில் 2014இலும் அடுத்தவற்றுக்கு 2019, 2022இலும் அனுமதி கிடைத்தது. அல்பிரசோலத்தைவிட வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகள் இவை. ஆய்வுக்கு ஆட்கள் வந்ததால்தான் இவை கிடைத்தன.

போனால் எப்படியிருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். அங்கேயே படித்து அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து, வீட்டுக்காரர் முன்னால் சத்தமாகப் படியுங்கள். ஒப்புதல் படிவத்தில் உங்கள் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்டிருக்கும். நாமினி என்ற வார்த்தையைப் பார்த்ததும் பலர் பயந்து எழுந்துவிடுகிறார்கள். இழப்பீடு தர வேண்டி வந்தால் யாருக்குப் போகும் என்பதற்காகச் சட்டம் அதைக் கேட்கச் சொல்கிறது, வேறொன்றுமில்லை. தகவல் தாளும் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

ஸ்லீப் ஸ்டடிக்குத் தங்க வேண்டியிருந்தால், அன்று தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் போங்கள். எண்ணெய் இருந்தால் தலையில் ஒட்டும் ஒயர் நிற்காது. உச்சந்தலை, நெற்றி, கண்ணோரம், தாடை, கால் என்று பசை வைத்து ஒயர் ஒட்டுவார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் ஒரு பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். வலி எதுவும் இல்லை. அடுத்த அறையில் ஒருவர் விடிய விடியத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அறையில் கேமராவும் இருக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் குரல் கொடுத்தால் வந்து கழற்றிவிடுவார். இரவில் பெண் பணியாளர் இருப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. புது இடத்தில் முதல் ராத்திரி பலருக்கும் தூக்கம் குறையும். அதனால்தான் பல ஆய்வுகளில் இரண்டு ராத்திரி எடுக்கிறார்கள். ராத்திரி ரயிலில் போய் இறங்கி அன்றைக்கே பரிசோதனைக்குப் படுப்பது சரியாக வராது. ஒரு நாள் முன்னதாக மகள் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

போக்குவரத்துச் செலவும் வேலையிழப்புக்கான தொகையும் தரலாம், அதை நெறிமுறைக் குழு பார்த்துத்தான் அனுமதிக்கும். ஆனால் பணம்தான் பெரிய விஷயம்போலப் பேசுகிறார்கள் என்றால் யோசியுங்கள்.

இனி என் அபிப்பிராயம். இப்போது சேர வேண்டாம். ஆய்வு கெட்டது என்பதற்காக அல்ல. உங்களுக்கு ஏற்கெனவே நிரூபணமான சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதை யாருமே உங்களுக்குத் தரவில்லை என்பதற்காக. வாரத்தில் குறைந்தது மூன்று இரவு, குறைந்தது மூன்று மாதம், பகல் வேலை கெடும் அளவுக்குத் தூக்கமில்லை என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. உங்களுக்கு அது மூன்று வருடமாக இருக்கிறது. இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, சிபிடி-ஐ என்று சொல்லப்படும் பயிற்சிச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இலும், ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 2017இலும் 2023இலும் சொல்லிவிட்டன. ஆறு முதல் எட்டு வாரப் பயிற்சி. படுக்கும் நேரத்தைச் சுருக்குவது, தூக்கம் வராதபோது படுக்கையில் கிடக்காமல் இருப்பது, தூக்கத்தைப் பற்றிய பயத்தைக் குறைப்பது என்று அது போகும்.

உங்கள் கடிதத்தையே பாருங்கள். எட்டரை முதல் ஐந்து மணி வரை எட்டரை மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள். தூங்குவது என்னவோ அதில் பாதிகூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் அந்தப் பாயில் விழித்துக்கிடந்து கவலைப்பட்டே பழக்கமாகியிருக்கிறது. இன்றிலிருந்து பத்தரை மணிக்கு முன் படுக்காதீர்கள். எழுந்திருக்கும் நேரம் ஐந்து மணிதான், ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். படுத்துக் கால் மணி, இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள், கடிகாரத்தையும் போனையும் பார்க்காமல். கண் சொருகும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். மத்தியானத் தூக்கத்தை விட்டுவிடுங்கள், முடியவே இல்லையென்றால் இருபது நிமிடம். பள்ளியிலிருந்து வந்ததும் காபி குடிப்பீர்களானால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காபியின் பாதி வீரியம் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். கும்பகோணம் காபியைக் குறைக்கச் சொல்வதில் எனக்கே வருத்தம்தான், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழு சிகிச்சையில் படுக்கை நேரத்தை இதைவிடவும் சுருக்குவார்கள். அதை நீங்களாகச் செய்யாதீர்கள். முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் தள்ளும். கொதிக்கும் சாம்பார் அண்டாவுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் நிற்கிற வேலை உங்களுக்கு. மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கிறது, மூச்சுத்தடைச் சந்தேகமும் தீரவில்லை. ஒரு மருத்துவரின் மேற்பார்வையில்தான் அது நடக்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். மனநலப் பிரிவு என்றதும் தயங்காதீர்கள். தூக்க மாத்திரையைப் பத்திரமாகக் குறைப்பது மனநல மருத்துவர்களான எங்கள் தினசரி வேலை. குறைக்கும் நாட்களில் பதற்றம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வலிப்பு, குழப்பம் போல எதுவும் தெரிந்தால் போனோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குறட்டையைப் பரிசோதித்து, மாத்திரையை மெதுவாக விட்டு, பயிற்சியையும் முழுதாகச் செய்த பிறகும் தூக்கம் திரும்பவில்லை என்றால், அப்போது ஆய்வு பற்றி யோசியுங்கள். அப்போது எதையும் மறைக்காமல், தகுதியுள்ளவராகவே போவீர்கள். அந்த ஆய்வு முடிந்துபோயிருந்தால் வேறொன்று வரும். மருந்தே இல்லாமல் பயிற்சியையோ யோகாவையோ சோதிக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

கையெழுத்து பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சம்மதம் உங்களுடையது மட்டும். வீட்டுக்காரர் கையெழுத்து தேவையில்லை, அவர் உங்களுக்காகப் போடவும் முடியாது. மகளும் முடியாது. சேர்ந்த பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக உங்களுக்குக் கிடைக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது. விலகும்போது மட்டும் அவர்களிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். மருந்தை எப்படி நிறுத்துவது என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூருக்குப் போகும்போது பழைய சீட்டு, பிரஷர் மாத்திரை அட்டை, இரண்டு வாரம் காலையில் எழுந்ததும் எழுதிய தூக்கக் குறிப்பு மூன்றையும் எடுத்துப் போங்கள். குறிப்பில் படுத்த நேரம், ஏறக்குறையத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், மாத்திரை போட்டதா இல்லையா என்பது போதும். வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். குறட்டையைப் பற்றி மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்.